முன்பக்கம் திரும்பும் திரை

அன்று காலை என் மகள் மாடி அறையில் நின்றபடி 'நேரமும் வேலையும்' என்கிற கணக்குப் பாடத்தை முழுசாக நடத்தி முடித்தாள். கேமரா அதில் பாதியைக்கூடப் பதிவு செய்திருக்கவில்லை.

நடுவில் நான் அறையை விட்டுப் போனதுதான் காரணம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிக் கத்தினார். அவளுக்குக் காது கேட்காது. அவள் பாட்டுக்கு நடத்திக்கொண்டிருந்தாள். அவள் கவனம் சிதறக் கூடாதென்று குனிந்து நழுவி, கீழே போய் மோட்டாரை நிறுத்தினேன். போன இடத்தில் பால் பாக்கெட் வாங்கி உள்ளே வைத்தேன். பரண்மேல் இருக்கும் குக்கரை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள் மனைவி. எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே வந்தால், கேமராவின் பின்பக்கத் திரை இருண்டு கிடந்தது. சூடேறிவிட்டது என்பதற்கான தெர்மாமீட்டர் படம் மட்டும் அதில் மின்னிக்கொண்டிருந்தது.

மகள் கடைசிக் கணக்கை முடித்துக் கைகூப்பி, ஒரு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எப்படி இருந்தது என்று அர்த்தம்.

சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. முக்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து கேமராவின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். கையை வெடுக்கென்று எடுத்து உதறிவிட்டு, விரல்களால் சொன்னாள்: "இதோட ஸ்கிரீன் எப்பவும் உன் பக்கம் இருக்குது. நின்னுபோச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

சைகையில் நீ, நீங்க என்கிற வித்தியாசம் எங்களுக்குள் கிடையாது. விரலை நீட்டினால் நீ. அதனால் அவள் பேசுவதை அப்படியே எழுதுகிறேன்.

"முன்னாடி திரும்பற ஸ்கிரீன் வெச்ச கேமரா இருக்குது," என்றாள். "அது வாங்கலாம்."

"பாக்கலாம்," என்றேன்.

எங்கள் வீட்டில் நான் பாக்கலாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள்.

அந்தக் கேமரா முதலில் அவளுக்காக வாங்கியது இல்லை. வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்கு எதிர் வரிசையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சான்றிதழுக்கும் பரீட்சைக்கும் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்காது. அதற்காக, டவுனில் கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர் பெரிய கேமராவுக்கு மாறியபோது அவரிடமிருந்து இதை வாங்கினேன். மிரர்லெஸ் என்று சொல்லப்படும் சின்ன ரகம், ஒரு கையில் அடங்கும். வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. பிடி ரப்பர் உரிந்து வந்ததைப் பஞ்சர் கடைப் பசையால் ஒட்டினேன். நீலத் துணிக்கு முன்னால் ஒரு முகத்தை எடுக்க அது போதும், தேவைக்கு ஜாஸ்தியும்கூட.

மகள் பிறந்ததிலிருந்தே காது கேட்காதவள். சின்ன வயசிலேயே வெளியூரில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தோம். பிறகு சென்னையில் கல்லூரி. லீவுக்கு வருவாள், போவாள். பட்டம் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்தபோது, அரசாங்க வேலைக்கான பரீட்சை எழுதப் போகிறேன் என்றாள். டவுனில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்துவிட்டேன். வாத்தியார் நல்ல மனுஷர்தான். ஆனால் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுகிற பழக்கம் அவருக்கு. உதட்டைப் படிக்க உட்கார்ந்தவளுக்கு அவருடைய பின்மண்டைதான் தெரிந்தது. கொஞ்ச நாள் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாள். பிறகு நின்றுவிட்டாள். வீட்டிலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தாள்.

அதே பரீட்சைக்கு அவளுடைய விடுதித் தோழிகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். வீடியோ காலில் கணக்குச் சந்தேகம் கேட்பார்கள். இவள் விரல்களால் விளக்குவாள். ஒரே கணக்கை ஆளுக்கொரு முறை விளக்கி அலுத்துப்போய், "ஒரு தடவ எடுத்து வெச்சிட்டா எல்லாரும் பாத்துக்கலாம்" என்றாள். முதலில் போனில்தான் எடுத்தாள். போன் அடிக்கடி நிரம்பிவிடும், அறையில் வெளிச்சம் குறைந்தால் கை வேகமாக அசையும்போது விரல்கள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அப்போதுதான் கடையில் இருந்த கேமரா வீட்டுக்கு வந்தது.

அதிலிருந்து அதற்கு ரெண்டு வேலை. காலையில் மாடி அறை. கடை திறக்கும் நேரத்துக்கு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பயணம். சாயங்காலம் மறுபடி வீடு. வீடியோ எடுக்கும்போது நான்தான் கேமராமேன். திரை பின்பக்கம் இருப்பதால் யாராவது ஒருவர் பின்னால் நின்றே ஆகவேண்டும். ஃபோகஸ் அவள் முகத்தை விட்டுச் சுவருக்குப் போய்விட்டால் நான் கையை உயர்த்துவேன். கை சட்டகத்துக்கு வெளியே போனால் உள்ளே வரச் சொல்வேன். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானாக நின்றுவிடும், மறுபடி அழுத்துவேன்.

இந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. சத்தம் பற்றிக் கவலையே கிடையாது. பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வரும் வெளியூர் பஸ்களும் வேன்களும் எங்கள் ரோட்டில் முட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும். எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள், கல் அறுக்கும் மிஷின் நாள் முழுக்க அலறும். எங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் மனைவிக்குக் கீழே குரல் கொடுப்பேன், தும்முவேன், கடைக்கு வந்த போனையும் எடுத்துப் பேசுவேன். அவள் நெட்டில் போடும் வீடியோவுக்கு அடியில் எப்போதாவது யாராவது "ஆடியோ வரலைங்க" என்று எழுதுவார்கள். மகள் பதிலுக்குச் சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றை அனுப்புவாள்.

அந்தக் காலை நேரத்தில்தான் நான் அவள் மொழியைச் சரியாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். முன்பு எங்களுக்குள் இருந்தது வீட்டுச் சைகை. சாப்பாடு, தூக்கம், பஸ், மழை, காசு, அம்மா எங்கே. எங்கே வெட்டி ஒட்டலாம் என்று தெரிய, அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிய வேண்டியிருந்தது. பின்னம், விகிதம், அரசியல் சட்டம், மாநிலம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். விடுதியில் அவள் பக்கத்துக் கட்டில் பெண் தூக்கத்தில் கையால் பேசுவாள் என்பது போன்ற கதைகளை, கேமரா ஆறுவதற்காகக் காத்திருந்த இடைவெளிகளில்தான் என்னிடம் சொன்னாள்.

அவள் புதுக் கேமரா கேட்ட பிறகு, பழசையே சரிப்படுத்திவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் சூடு. டேபிள் ஃபேனை ஸ்டூல்மேல் வைத்துக் கேமராவின் முதுகைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். சத்தம்தான் பிரச்சினை இல்லையே. சூடு நன்றாகவே குறைந்தது.

அடுத்தது விரல். கடலூரில் இருக்கும் அவளுடைய தோழி ஒருத்தி, வேகமாகக் காட்டும்போது மூணா நாலா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். கணக்குப் பாடத்தில் அது தெரியாவிட்டால் எல்லாமே போச்சு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் விரல் தனித்தனியாகத் தெரியும் என்று படித்தேன். கூட்டினேன். டியூப் லைட் வெளிச்சம் வரிவரியாக அவள்மேல் ஓடியது. பிறகு கொஞ்சம் இறக்கி ஒரு இடத்தில் நிறுத்தினேன், வரிகள் காணாமல் போயின. ஆனால் படம் இருட்டாகிவிட்டது. கடையில் போட்டோ எடுக்க வைத்திருந்த ரெண்டு விளக்கில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டு, அவளை ஜன்னலைப் பார்த்து நிற்கவைத்தேன். அடுத்த வீடியோவுக்குக் கடலூர்ப் பெண் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி ஒரு படம் அனுப்பினாள். அதைப் பார்த்து நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

மூணாவது, திரை. பின்பக்கத் திரையைக் கொஞ்சம் மேல்நோக்கி மடக்க முடியும். அதற்குப் பின்னால், சற்று உயரத்தில், மனைவியின் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினேன். திரையில் தெரிவது கண்ணாடியில் விழுந்து அவளுக்குத் தெரியும். வலது இடது மாறித் தெரியும், படமும் தீப்பெட்டி அளவுதான், ஆனாலும் தெரிந்தது. மகள் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்றைக்குப் பாடமே எடுக்க முடியவில்லை.

கண்ணாடியைத் தேடிக்கொண்டு மனைவி மாடிக்கு வந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யூனிஃபார்மோடு வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஃபேன், விளக்கு, கண்ணாடி, எல்லாவற்றுக்கும் தரையில் ஓடும் வயர்.

"இன்னாங்க இது, சலூன் கடை வெச்சிட்டீங்களா?"

"எல்லாம் சரியாயிடுச்சு. புதுசு தேவையில்ல."

"ஒண்ணொண்ணா கட்டிக்கினே போறீங்க. அவ கேட்டது ஒரே ஒரு சாமான்."

"பழசே நல்லா எடுக்குதே. எதுக்கு வீணா?"

"பழசு நல்லா எடுக்கலைன்னு அவ எங்க சொன்னா? தானே எடுத்துக்கறேன்னு சொல்றா." கண்ணாடி முன்னால் குனிந்து தலையில் கிளிப்பைக் குத்திக்கொண்டாள். "உங்களுக்கு அந்தக் கேமராவ விட மனசில்லையா, இந்த மாடிய விட்டு எறங்க மனசில்லையா? அத மட்டும் யோசிச்சு வைங்க. நான் போறேன்."

மகள் எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். கண்ணாடியைக் கேக்கறாங்க என்றேன்.

அன்று கடையில் கூட்டம் கம்மி. நாள் முழுக்க அந்தக் கேள்வியே ஓடியது. மனைவி சொன்னது சரிதான். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. வேறு எந்த நேரத்தில் என் மகள் ஒரு மணி நேரம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாள்? அவளுக்கு இருபத்துமூணு வயசு. வேலை கிடைத்தால் எந்த ஊரோ. யோசித்துப் பார்த்தால், என்னைத் தாண்டித்தான் அவள் எதையும் எடுக்க முடியும் என்பது அவளுக்கு ஒரு தடை. அதை நான் ஃபேனும் கண்ணாடியும் வைத்துக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவளிடம், "ஞாயித்துக்கிழமை வேலூர் போலாம். கேமரா பாத்துட்டு வரலாம்," என்றேன். பழசை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. "பாக்கலாமா, வாங்கலாமா?" என்று கேட்டாள்.

"பிடிச்சா வாங்கலாம்."

வேலூரில் அந்தக் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கவுண்டரில் ஒரு இளைஞன். நாங்கள் உட்கார்ந்ததும் மூன்று பெட்டிகளை எடுத்து என் பக்கம் வரிசையாக வைத்தான்.

"வீடியோவுக்குன்னா இது எடுங்க சார். இதுல தனி மைக் போட்டுக்கலாம். சத்தம் தெளிவா வரும்."

"எங்களுக்கு சத்தம் வேணாம்பா."

"பாட்டு போட்டுக்குவீங்களா?"

"இல்ல. சத்தமே வேணாம்."

அவன் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தான். அதற்குள் மகள் தன் போனில் தட்டி அவனிடம் நீட்டினாள். நிற்காமல் எவ்வளவு நேரம் பதிவாகும், வெயில் நாளில் சூடேறுமா, ஸ்கிரீன் முழுசாக முன்பக்கம் திரும்புமா என்று மூன்று கேள்வி. படித்துவிட்டு அவன் பதிலை என்னிடம் வாயால் சொல்லத் தொடங்கினான். அவள் கவுண்டரை விரலால் தட்டி, போனை மறுபடி அவன் கையிலேயே கொடுத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. "சாரிங்க" என்று முதல் வார்த்தையாகத் தட்டிவிட்டு, மேற்கொண்டு எழுதினான். அதன் பிறகு வியாபாரம் அவர்கள் ரெண்டு பேருக்கும்தான். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் ஒவ்வொன்றாகத் திரையைத் திருப்பி, அதற்கு முன்னால் நின்று கையசைத்துப் பார்த்தாள். முழங்கை வெளியே போவது தெரிந்ததும் தானே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பிறகு என் பையிலிருந்து பழைய கேமராவை எடுத்தாள். கடைக்காரப் பையன் காட்டியதிலேயே விலை கூடியதையும் பழசையும் கண்ணாடிக் கதவுப் பக்கம் அருகருகே வைத்தாள். என்னைப் பார்த்து, "நீ போய் நில்லு," என்றாள்.

"நானா?"

"ஒண்ணுலேந்து இருபது வரைக்கும் காட்டு. வேகமா."

வேலூர் பஜாரைப் பார்த்துக்கொண்டு, ஐம்பத்துநாலு வயசில், விரல் விட்டு எண்ணினேன். தெருவில் போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டுப் போனார். ரெண்டு படத்தையும் கடை டிவியில் போட்டாள். எது புதுக் கேமராவில் எடுத்தது என்று கடைக்காரப் பையனைக் கேட்டாள். அவன் ஒன்றைக் காட்டினான். அது பழசு.

"பாத்தியா," என்று என்னிடம் சொன்னாள். "வெளிச்சம் இருந்தா பழசே போதும். நீ கண்டுபிடிச்சதுதான். எனக்குப் படம் நல்லா வரணும்னு இல்ல, ஸ்கிரீன் என் பக்கம் திரும்பணும், நிக்காம ஓடணும். அவ்ளோதான்." பிறகு அவனுக்குத் தட்டினாள்: விலை கூடினதை உள்ளே வெச்சுடுங்க, இந்த வசதியோட இருக்கறதிலேயே சின்னதாக் காட்டுங்க.

அவனுக்கு முகம் கொஞ்சம் வாடினாலும் காட்டினான். அவளுக்குப் பிடித்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் போடுவதற்காக அவன் பழைய கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பஞ்சர் பசை ஒட்டிய இடத்தைச் சுரண்டினான். மகள் அதை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இத எதுக்குக் குடுக்கற? கடைக்கு வேணும் இல்ல? தினமும் தூக்கிக்கினு போய்த் தூக்கிக்கினு வர வேணாம். அங்கியே இருக்கட்டும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. புதுசா பழசா, ரெண்டில் ஒன்று என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டிலிருந்தபடி டேட்டா என்ட்ரி வேலை செய்து சேர்த்ததும் நான் போட்டதுமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறினோம். போளூர் வருவதற்குள் புதுக் கேமராவின் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை என்னை யாரும் மாடிக்குக் கூப்பிடவில்லை.

கீழே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பியதும் போய் மோட்டாரை நிறுத்தினேன். அன்று பக்கத்து வீட்டுக்காரர் கத்த வேண்டியிருக்கவில்லை. மனைவி காபியை வைத்துவிட்டு, "கடைக்கு இவ்ளோ சீக்கிரமாவா கெளம்பறீங்க?" என்று மட்டும் கேட்டாள். சீக்கிரம் போய்க் கடையைத் திறந்தேன். பழைய கேமரா ஸ்டாண்டில் தன் இடத்தில் நீலத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லப்போனால் கடை வேலைக்கு அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

அவளுடைய வீடியோக்களை இப்போது நானும் மற்றவர்களைப் போலப் போனில் பார்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. நடுவில் ஜோக் அடித்தாள். கணக்கு தப்பாகப் போனால் தலையில் அடித்துக்கொண்டு, அதையும் வெட்டாமல் வைத்து, எங்கே தப்பு என்று காட்டினாள். நான் பின்னால் நின்ற காலத்தில் அவள் இப்படியெல்லாம் செய்ததே இல்லை. சாப்பிடும்போது கேட்டேன்.

"அப்பல்லாம் நீ கடிகாரத்தப் பாப்ப," என்றாள், சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு. "கடை தொறக்கணுமேன்னு. உன் கண்ணு அங்க போனா என் கை வேகமாயிடும். இப்ப ஆறு தடவ தப்பு பண்ணாலும் யாருக்கும் நேரமாகல."

குறை சொல்கிற மாதிரி இல்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னபோது மனசு லேசாகத்தான் ஆனது. அவள் நன்றாகச் செய்கிறாள், அதற்கு அந்தச் சின்னக் கேமரா போதுமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாடிப் படியில் நின்று கையைத் தட்டினாள். "மேல வா. நல்ல சட்ட போட்டுக்கினு வா. கோடு போட்டது வேணாம், கை தெரியாது."

மாடி அறையில் ரெண்டு நாற்காலி போட்டிருந்தாள். கேமரா எதிரே இருந்தது, திரை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"எதுக்கு?"

போனைக் காட்டினாள். கணக்கு வீடியோவுக்கு அடியிலேயே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் பரீட்சைக்குப் படிப்பவர்கள் இல்லை, காது கேட்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள். என் பையனுக்கு நாலு வயசு, அவன் என்ன கேட்கிறான் என்றே தெரியவில்லை. பெண்ணை விடுதியில் விட்டிருக்கிறோம், லீவுக்கு வந்தால் என்ன பேசுவது. வீட்டில் பேச ஏதாவது சொல்லிக் கொடுங்கள்.

"அதுக்கு நீயே சொல்லிக் குடேன். நீதான் நல்லாப் பண்ற."

"நான் பண்ணா இது எங்களால முடியாதுன்னு பயந்துடுவாங்க. என் கை வேகம். உன் கை அவங்க கை மாதிரி இருக்கும்."

"என் விரல் சரியாவே மடங்காது."

"அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்," என்றாள். "உக்காரு."

உட்கார்ந்தேன். திரையில் என்னை நானே பார்த்தபோது, போட்டோ எடுக்க வரும் ஜனங்கள் ஏன் முகத்தை அப்படி விறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. அவள் கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டாய், எங்கே போகிறாய், எப்போது வருவாய். மூணாவதில் நான் தடுமாறினேன். நாளைக்கு என்று சொல்ல நினைத்து நேத்து என்று காட்டிவிட்டேன். திரையில் அது எனக்கே தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டு, நிறுத்து, மறுபடி எடுக்கலாம் என்றேன். அவள் நிறுத்தவில்லை. கேமராவைப் பார்த்து, "இவர் நேத்து வரப் போறாராம்," என்று முகத்தை ரொம்பத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அவளும். அதற்கப்புறம் என் முகத்தில் விறைப்பு இல்லை என்று பின்னால் பார்க்கும்போது தெரிந்தது. கடைக்கு நேரமாகிறது என்கிற ஞாபகமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதாலும் இருக்கலாம்.

அந்த வீடியோவை அவளுடைய மற்ற எந்தப் பாடத்தையும்விட அதிகம் பேர் பார்த்தார்கள். செஞ்சியிலிருந்து ஒரு தாய், தானும் மகளும் தரையில் உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டுக்கொள்வதைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். அந்தச் சின்னப் பெண் அம்மாவின் விரலைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள். மகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள், அவள் அம்மாவுக்கும் காட்டினாள்.

மனைவி அதை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் வீட்டுச் சைகைதான் தெரியும். மகள் அம்மாவோடு பேசும்போது உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும் எப்படியோ நடத்திக்கொள்வார்கள். பிறகு என்னிடம் சொன்னாள், "எங்க ஆஸ்பத்திரிக்கு மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு வருது. காது கேக்காது. கூட அவங்க மாமியார் வருவாங்க. நாங்க கேக்கறதுக்கெல்லாம் அந்தம்மாதான் பதில் சொல்லுது. அந்தப் பொண்ணுக்கு எங்க வலிக்குதுன்னு அதுகிட்டயே கேக்கணும் எனக்கு. நம்ம பொண்ணுகிட்ட கேளுங்க, எனக்குச் சொல்லித் தருவாளான்னு."

"நீயே கேளு. அதோ இருக்கா."

கேட்டாள். கையால்தான் கேட்டாள், பாதி சரியாகவும் பாதி தப்பாகவும். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய் மாடி அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூணு நாற்காலி. நடுவில் மனைவி, யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று மகள் சொன்னதால் கரும்பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். வளையலைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். திரையில் மூணு பேரும் அடங்கவில்லை. என் பாதித் தோள் வெளியே நின்றது. மகள் எழுந்து முக்காலியைப் பின்னால் தள்ளினாள். பார்த்தாள், போதவில்லை. இன்னும் தள்ளினாள். முக்காலியின் பின்கால் சுவரில் முட்டி நின்றது.

"கிட்ட வாங்க," என்றாள் எங்களைப் பார்த்து. "இன்னும் கிட்ட."

நானும் மனைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தோம். மகள் ஓடிவந்து மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா பக்கம் திரும்பி, வலி எங்கே இருக்கிறது என்று கேட்பது எப்படி என்று மெதுவாகக் காட்டினாள். மனைவி அதைப் பார்த்துத் திருப்பிச் செய்தாள். சரியா என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சரியாகத்தான் பட்டது. மகள் இல்லை என்று தலையசைத்து, மறுபடி முதலிலிருந்து காட்டினாள்.